மக்காச்சோளத்த விட்டா வளர்ற கோழிக்கு வேற என்ன போடலாம்? நம்ம ராம்நாடு கடற்கரைப் பக்கத்துக்கு ஒரு எளிய கணக்கு

மக்காச்சோளம் வெல ஏறும்போதெல்லாம் கம்பெனித் தீவன மூட்டையும் கூடவே ஏறுது. இப்ப எத்தனால் ஆலைக்காரங்களும் அதயே வாங்குறதால பழைய வெலைக்கு எறங்கி வரும்னு நம்பி யாரும் உக்காந்திருக்க வேணாம். நம்ம பக்கம் தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் வீட்டுக்கு வீடு பத்து இருவது நாட்டுக்கோழி நிக்கிது, சிறுவிடையோ பெருவிடையோ, எல்லாத்துக்கும் நாமக்கல் பக்கத்துல இருந்து லாரி ஏறி வர்ற மூட்டைதான். ஆனா நம்ம மாவட்டத்துலயே கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கம்பும் சோளமும் குதிரைவாலியும் வெளையுது, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல்லு வெளையுது, கடல்ல இருந்து மீனு வருது, அப்ப இதயெல்லாம் போட்டு வளத்தா என்னன்னு பல பேரு கேக்குறாக. தாராளமா வளக்கலாம். ஒரு தானியத்த எடுத்துட்டு இன்னொரு தானியத்தப் போடுறது ரொம்ப லேசான வேல, அதோட சேந்து வர்ற புரதக் கணக்குலயும் நம்ம கடற்கரைக்கே உள்ள உப்புக் கணக்குலயும்தான் முக்காவாசிப் பேரு கோட்ட விடுறாக. அதனால இந்த ரெண்டையும் கொஞ்சம் நிதானமா பாப்போம், மத்தத வேகமா தாண்டிருவோம்.

மொதல்ல எந்த வயசுக் கோழின்னு தெளிவா வச்சுக்கங்க. பொரிச்சதுல இருந்து 8 வாரம் வரைக்கும் அது குஞ்சு, அதுக்கு தீவனத்துல புரதம் 20 சதவீதம் வேணும், அந்த வயசுல கைக்கலவைய வச்சு சோதன பண்ணாதீங்க, நல்ல குஞ்சுத் தீவனமா வாங்கிப் போட்டுருங்க, குஞ்சு திங்கிறதே கொஞ்சம்தான், அதுல மிச்சம் புடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. 8 வாரத்துக்கு மேல 18, 20 வாரம் வரைக்கும் உள்ளதுதான் வளர்ற கோழி. இதுக்கு 16 சதவீதம் புரதம் இருந்தா போதும், கொஞ்சம் முரட்டுத் தீவனமும் செரிக்கும், தீனிச் செலவு கூடுறதும் இந்த வயசுலதான். கைக்கலவைக்கு ஏத்த வயசு இதுதான்.

இப்ப தானியம் கோழிக்கு என்ன செய்யுதுன்னு பாத்தா, முக்கியமா எரிசக்தி குடுக்குது, அதாவது நடக்க, மேய, ஒடம்பு சூட்ட வச்சுக்க. சதையும் எறகும் வளர்றதுக்கு புரதம் வேணும், அது தானியத்துல பாதிதான் கெடைக்கும். மக்காச்சோளத்துல புரதம் சுமாரா 9 சதவீதம், சோளத்துல 9, 10, கம்புல 11, அரிசிக் குறுணையில 8, கேழ்வரகுல 7. நல்லா பாருங்க, எதுவுமே 16ஐத் தொடல. அதனால "நான் மக்காச்சோளமே போடுறதில்லங்க, வெறும் கம்பும் அரிசியும்தான், சுத்தமான நாட்டுத் தீவனம்"னு ஒருத்தர் பெருமையா சொன்னா அவரு கோழி வயிறு நெறைஞ்சு நிக்கும், ஆனா நாலு மாசத்துலயும் கைக்கு லேசாத்தான் இருக்கும், எறகு சரியா மூடாது, ஒண்ண ஒண்ணு கொத்தி எறகப் பிடுங்கும். மேய எடமுள்ள கோழின்னா பூச்சி புழு கரையான்னு அதுவா கொஞ்சம் தேடிக்கும், கூண்டுலயோ வலை கட்டுன எடத்துலயோ நிக்கிற கோழிக்கு அந்த வழியும் கெடையாது.

தானியத்துல எனக்கு மொத ஓட்டு கம்புக்குத்தான். மக்காச்சோளத்த விட புரதம் கூட, எரிசக்தி லேசாத்தான் கொறையும், மக்காச்சோளத்த முழுசா எடுத்துட்டு அந்த எடத்துல கம்பப் போட்டாலும் வளர்ற கோழி தாங்கும். கம்பும் மக்காச்சோளமும் ஒரே வெல வித்தா கூட கம்புதான் லாபம், ஏன்னா 100 கிலோவுக்கு 2 கிலோ புரதம் கூட வருது, அந்த 2 கிலோ புரதத்த கடலைப் புண்ணாக்கா வாங்கணும்னா கிட்டத்தட்ட 5 கிலோ புண்ணாக்கு வாங்கணும். ஒண்ணே ஒண்ணு, மூட்டையப் பிரிச்சதும் ஒரு முறத்துல பரப்பிப் பாருங்க, கம்பு மணிக்கு நடுவுல கருப்பா, நீளமா, ஊதா நெறம் ஓடுன துண்டு கெடந்தா அது தேனொழுகல் நோய் வந்த கதிர்ல இருந்து வர்றது, விஷம், பொறுக்கிப் போடணும். நெறையக் கெடந்தா மூட்டையவே திருப்பிக் குடுத்துருங்க, கோழிக்குத்தானேன்னு வியாபாரி சொல்லுவாக, கேக்காதீங்க.

சோளத்துல வெள்ளைச் சோளம்னா கவலையில்ல, மக்காச்சோளத்துக்கு பதிலா நல்லாவே போடலாம். செவப்பு, பழுப்புச் சோளத்துல டானின்னு ஒரு துவர்ப்புச் சத்து இருக்கலாம், அது புரதத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு செரிக்க விடாது. ரெண்டு மணிய வாயில போட்டு மென்னு பாருங்க, நாக்குல சுருக்குன்னு துவர்ப்பு புடிச்சா அத மொத்தத் தானியத்துல கால்வாசிக்கு மேல சேக்காதீங்க.

அரிசிக் குறுணை நம்ம பக்கம் தை மாசி அறுப்பு முடிஞ்சு ரைஸ் மில்லு ஓடுற நேரத்துல சல்லிசா கெடைக்கும். நார் கம்மி, லேசா செரிக்கும், எரிசக்தி நல்லா இருக்கு, புரதம்தான் கம்மி. நெல்ல அப்படியே போட்டா அஞ்சுல ஒரு பங்கு வெறும் உமி, காசு குடுத்து உமி வாங்குன மாதிரி. கேழ்வரகுல சுண்ணாம்புச் சத்து இருக்கு, ஆனா எரிசக்தி கம்மி, கலந்து போடலாம், அதயே நம்பி ஓட்ட முடியாது. குதிரைவாலி, சாமை எல்லாம் உமியோட இருக்கிறதால நார் கூட, கொஞ்சமா சேக்கலாம், அதுக்கு மேல போட்டா தீனிதான் செலவாகும். இன்னொண்ணு, ரேஷன் அரிசிய மூட்டையா வாங்கி கோழிக்குப் போடுற வேல வேணவே வேணாம், அது சட்டப்படி குத்தம், வித்தவரு மாட்டுனா வாங்குனவரும் சேந்துதான் மாட்டணும்.

சரி, 16ஐ எப்படித் தொடுறது? இதுக்கு ஒரு கழித்தல் கணக்கு இருக்கு, எட்டாங்கிளாஸ் புள்ளையே போட்டுரும். தானியத்துல புரதம் சராசரியா 10ன்னு வச்சுக்கங்க, கடலைப் புண்ணாக்குல 42ன்னு வச்சுக்கங்க, நமக்கு வேண்டியது 16. புண்ணாக்கோட 42ல இருந்து 16 போனா 26, இது தானியத்தோட பங்கு. 16ல இருந்து தானியத்தோட 10 போனா 6, இது புண்ணாக்கோட பங்கு. அதாவது 26 கிலோ தானியத்துக்கு 6 கிலோ புண்ணாக்கு. பெருக்கிச் சரிபாக்கணும்னா 26 கிலோ தானியத்துல 2.6 கிலோ புரதம், 6 கிலோ புண்ணாக்குல 2.52 கிலோ, மொத்தம் 32 கிலோவுல 5.12 கிலோ, அதான் 16 சதவீதம். எந்தத் தானியம், எந்தப் புண்ணாக்கா இருந்தாலும் ரெண்டோட புரத அளவு மட்டும் தெரிஞ்சா இதே கணக்கு ஓடும். தேங்காப் புண்ணாக்குன்னா 42க்கு பதிலா 21ன்னு போட்டுப் பாருங்க, 5 கிலோ தானியத்துக்கு 6 கிலோ புண்ணாக்குன்னு வரும், தானியத்த விட புண்ணாக்கே கூட, அவ்வளவு நார கோழிக்குடல் தாங்காது. கடையில ரெண்டும் புண்ணாக்குன்னுதான் சொல்லுவாக, வெலயும் தேங்காப் புண்ணாக்கு கம்மியா இருக்கும், அதப் பாத்து ஏமாறக் கூடாது.

புரதம் எண்ணிக்கையில சரியா வந்தாலும் அதுல என்ன வகை இருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. லைசின், மெத்தியோனின்னு ரெண்டு அமினோ அமிலம் கோழி வளர்ச்சிக்கு ரொம்ப முக்கியம், தானியத்துலயும் லைசின் கொறைவு, கடலைப் புண்ணாக்குல ரெண்டுமே கொறைவு. அதனாலதான் கொஞ்சம் மீனோ சோயாவோ கூட சேக்கச் சொல்றது. எள்ளுப் புண்ணாக்குல மெத்தியோனின் நல்லா இருக்கு, லைசின் கொறைவு, கையில இருந்தா ரெண்டு மூணு கிலோ கடலைப் புண்ணாக்குக்கு பதிலா மாத்திக்கலாம்.

100 கிலோவுக்கு நம்ம பக்கம் கெடைக்கிறத வச்சு ஒரு கலவை சொல்றேன். உடைச்ச கம்பு 40 கிலோ, அரிசிக் குறுணை 24, அரிசித் தவிடு 15, கடலைப் புண்ணாக்கு 14, உப்புப் போடாத காஞ்ச மீனு 5, கோழிக்குன்னு விக்கிற தாது உப்புக் கலவை 2. கூட்டிப் பாத்தா புரதம் 16ஐ லேசா தாண்டும். மாட்டுக்கு வச்சிருக்க தாது உப்ப எடுத்து இதுல கொட்டாதீங்க, அளவு வேற. 15 கோழிதான் இருக்குன்னா 10 கிலோவா கலங்க, எல்லாத்தையும் பத்தால வகுத்துக்க வேண்டியதுதான். வளர்ற நாட்டுக்கோழி ஒண்ணு ஒரு நாளைக்கு சுமாரா 50ல இருந்து 70 கிராம் திங்கும், வயசும் மேயுற எடமும் பொறுத்து முன்ன பின்ன ஆகும், அத வச்சு ரெண்டு வாரத்துக்கு மேல கலந்து வைக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப மீனுக்கு வருவோம், நம்ம ஆளுக தடுக்கி விழுறது இங்கதான். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகு மடி வலையில வர்ற பொடி மீனு, சங்காயம்னு சொல்லுவாக, ஏலத்துல போகாத கழிசல், அத மணல்லயே பரப்பிக் காயப்போட்டு மூட்டையாக்கி கோழித்தீவன ஆலைக்கு அனுப்புறாக. அத நம்மளும் வாங்கலாம், நல்ல சரக்குன்னா புரதம் 45, 50 வரைக்கும் இருக்கும், லைசினும் மெத்தியோனினும் சேந்தே வரும். ஆனா மூட்டைய அப்படியே நம்பாதீங்க. ஒரு கைப்புடி எடுத்து வெள்ளைத் துணியில போட்டு உதறுனா எவ்வளவு மணல் உதிருதுன்னு தெரியும், நீங்க மீன் வெல குடுக்குறது அந்த மணலுக்கும் சேத்துதான். அப்புறம் நாலு மீன ஒரு டம்ளர் நல்ல தண்ணியில போட்டு கா மணி நேரம் ஊற வச்சு அந்தத் தண்ணிய நாக்குல தொட்டுப் பாருங்க, லேசா கரிச்சா பரவால்ல, கடல் மீன்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், மொகம் சுளிக்கிற அளவுக்குக் கரிச்சா அது உப்புப் போட்டுக் காயவச்ச சரக்கு.

வீட்டுல மிஞ்சுன கருவாடு, சந்தையில விக்காம நொறுங்கிப் போன கருவாட்டுத் தூளு, இதயெல்லாம் "எல்லாம் மீனுதானே"ன்னு கலந்துர்றாக. வளர்ற கோழிக்கு மொத்தத் தீவனத்துல உப்பு அரை சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. 100 கிராமுக்கு 20 கிராம் உப்பு இருக்கிற கருவாடுன்னு வைங்க, அத 100 கிலோவுக்கு 5 கிலோ கலந்தா உப்பு மட்டும் 1 கிலோ, அளவுக்கு ரெண்டு மடங்கு. கோழி தண்ணிப் பாத்திரத்த விட்டு நகராது, எச்சம் தண்ணியா ஓடும், கீழ போட்ட உமி நசநசன்னு நனைஞ்சு கெடக்கும், அந்த ஈரத்துல ரத்தக்கழிச்சல் கிருமி வேற சேந்துக்கும், ஆளுக உடனே மருந்துக்கடைக்கு ஓடுவாக. உப்பு இன்னும் ஏறுனா வயித்துல நீர் கோத்து சாகும், சின்ன வயசுக் கோழிதான் மொதல்ல போகும். கருவாடுதான் கையில இருக்குன்னா நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் ஊற வச்சு தண்ணிய மாத்திக் கழுவி திரும்பக் காயவச்சுப் போடுங்க, புரதம் கொஞ்சம் கரைஞ்சு போகும், போகட்டும்.

இதோட தண்ணியையும் சேத்துக் கணக்குப் பாக்கணும். தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடின்னு கடலோரமா பல ஊர்ல போர்ல வர்றது உவர்த்தண்ணிதான். நம்மளுக்குக் காவேரித் தண்ணியப் புடிச்சு வச்சுக்கிட்டு கோழிக்குப் போர்த்தண்ணிய ஊத்துறோம். மேல சொன்ன 100 கிலோ கலவைக்கு, கோழி குடிக்கிறது நல்ல தண்ணின்னா சமையல் உப்பு கால் கிலோ தனியா சேக்கலாம். குடிக்கிறது உவர்த்தண்ணின்னா அந்தக் கால் கிலோவும் வேணாம், மீன்ல வர்றதும் தண்ணியில வர்றதுமே போதும். வாயில வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கிற தண்ணின்னா மீனையும் நிறுத்திட்டு சோயாவுக்குப் போயிருங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு கடலுக்குப் போகாது, சங்காயமும் வராது, பழைய மூட்டைய வெல ஏத்தி விப்பாக. அந்த நேரத்துக்கு 14 கிலோ கடலைப் புண்ணாக்கு, 5 கிலோ மீனுங்கிற எடத்துல கடலைப் புண்ணாக்கு 9, சோயாப் புண்ணாக்கு 10ன்னு மாத்திக்கிட்டா புரதம் அதே அளவுல நிக்கும். எந்தக் காலமா இருந்தாலும் கறிக்குக் குடுக்கப்போற கோழிக்குக் கடைசி ரெண்டு வாரம் மீன நிறுத்திருங்க, இல்லன்னா கறியில மீன் வாடை அடிக்கிதுன்னு வாங்குனவுக திட்டுவாக.

பூஞ்சணம் அடுத்த பிரச்சன. கடல் காத்துல ஈரம் எப்பவும் இருக்கு, ஐப்பசி கார்த்திகையில கேக்கவே வேணாம். கடலைப் புண்ணாக்குலயும் மக்காச்சோளத்துலயும் அஃப்லடாக்சின்ங்கிற பூஞ்சண விஷம் வரும், அது கல்லீரல அடிக்கும், கோழி ஒரேயடியா சாகாது, தின்னுக்கிட்டே மெலியும், எந்த மருந்துக்கும் கேக்காது. புண்ணாக்கு வாங்கும்போது ஒரு கட்டிய கல்லுல போட்டு ஒடைச்சு உள்பக்கம் பாருங்க, வெளிய சுத்தமா இருந்தாலும் நடுவுல பச்சையா சாம்பலா பூத்திருக்கும். பூத்த எடத்த மட்டும் வெட்டிட்டு மிச்சத்தப் போடலாமான்னு கேப்பாக, கூடாது, வெயில்ல காயவச்சாலும் வறுத்தாலும் அந்த விஷம் போகாது. தானியத்த ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழ வர்ற வரைக்கும் காயவச்சு, மூட்டைய தரையில வைக்காம பலகை மேல செவுத்த விட்டுத் தள்ளி வைங்க. பல்லுல கடிச்சா டக்குன்னு ஒடையணும், நசுங்குனா இன்னும் காயணும்.

தவிடு வேற மாதிரி கெடும். எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிட்டுல எண்ணெய் கூட, வெயிலுக்கு சீக்கிரமே சிக்குவாடை அடிக்கும், கோழி மோந்துட்டு தள்ளிப் போயிரும். மில்லுல அரைச்ச அன்னைக்கே வாங்கி சீக்கிரம் தீத்துருங்க. கலவைய ரெண்டு வாரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு சொன்னது இந்தத் தவிட்டுக்காகத்தான்.

வேப்பம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு ரெண்டும் வயலுக்கு ஒரம், கோழிக்கு ஆகாது. பருத்திப் புண்ணாக்கும் வேணாம், அதுல காசிபால்னு ஒரு விஷச் சத்து இருக்கு, மாடு தாங்கும், கோழி தாங்காது. சீமைக்கருவேலங் காயப் பத்தி கேக்காத ஆளே இல்ல, ஊரு பூராம் கெடக்கே, ஆடு திங்கிதேன்னு. காய்ல இனிப்பும் கொஞ்சம் புரதமும் இருக்கிறது உண்மைதான், ஆனா நார் கூட, கொட்டை கல்லு மாதிரி, அரைக்கப் போனா இனிப்புச் சத்து மிஷின்ல பசையா ஒட்டிக்கும். நல்லா காயவச்சு அரைக்க வசதி இருந்தா 100 கிலோவுக்கு அஞ்சு கிலோ சேத்துப் பாக்கலாம், என்னயக் கேட்டா அத ஆட்டுக்கே விட்டுருங்க. அசோலான்னு தண்ணியில மெதந்து வளர்ற ஒரு சின்னச் செடி, அத வளக்கச் சொல்லி நெறைய வீடியோ வருது, நல்ல விஷயம்தான், ஆனா உவர்த்தண்ணியில அது தேறாது, நல்ல தண்ணித் தொட்டி இருக்கவுக வளக்கலாம். முண்டு மொளகா களத்துல கோழி போயி வத்தலக் கொத்தித் திங்கிறதப் பாத்து பயப்படுறாக, பறவைகளுக்கு மொளகா ஒறைப்பே தெரியாது, அதனால ஒண்ணும் ஆகாது, பூஞ்சணம் புடிச்ச வத்தலா இல்லாம இருந்தா சரி.

மஞ்ச மக்காச்சோளத்த நிறுத்துனா கூடவே ஒண்ணு போயிரும், அது வைட்டமின் ஏ ஆகுற மஞ்சச் சத்து. கம்புலயும் குறுணையிலயும் அது கெடையாதுன்னே வச்சுக்கங்க. காலு மஞ்சளும் தோல் மஞ்சளும் மங்கும், அது வெறும் நெறம்தான், ஆனா வைட்டமின் ஏ கொறைஞ்சா கண்ணுல நீர் வடியும், சளி லேசா புடிச்சுக்கும். முருங்கைக் கீரையோ அகத்திக் கீரையோ தெனம் ஒரு கட்டு கட்டித் தொங்க விட்டுருங்க, கொத்தித் தின்னுக்கும். முருங்கை இல்லாத வீடு நம்ம ஊர்ல ஏது.

அரைக்கிறதுல மாவாக்கிறாதீங்க, மாவு அலகுல ஒட்டும், காத்துல பறக்கும். கம்பு ரெண்டா மூணா ஒடைஞ்சா போதும். 10, 12 வாரம் தாண்டுன கோழி முழுக் கம்பையே திங்கும், ஆனா அதுக்குக் கோழி வயித்துல அரைக்கிற கல்லு வேணும், அரிசி அளவுக்கு கல்லுக்குறுணி ஒரு பாத்திரத்துல தனியா வைங்க. கடற்கரையில கெடக்குற சிப்பிய நொறுக்கி வச்சா ரெண்டும் ஆச்சுன்னு நெனைக்கிறாக. சிப்பி வயித்துப் புளிப்புல கரைஞ்சிரும், அரைக்காது, கரைஞ்ச சுண்ணாம்பு பூராம் ஒடம்புல ஏறும். வளர்ற கோழிக்கு சுண்ணாம்புச் சத்து 1 சதவீதம் போதும், முட்டைக்கோழி அளவுக்கு 3, 4 சதவீதம் ஏறுனா கிட்னி கெட்டுப் போகும்.

புதுக் கலவைய ஒரே நாள்ல மாத்தாம ஒரு வாரத்துல மாத்துங்க, மொத ரெண்டு நாள் பழையதுல கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கா. அஞ்சு கோழிக்கு கால்ல கயிறு கட்டி அடையாளம் வச்சு வாரத்துல ஒரே கெழமை, காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னாடி எடை போடுங்க. எடை ஏறாம நின்னுபோச்சுன்னா தானியத்தக் கொறை சொல்றதுக்கு முன்னாடி மொதல்ல புண்ணாக்க ஒடைச்சுப் பாருங்க, அடுத்து மீனோட உப்பு, அடுத்து குடற்புழு. சாயங்காலம் அடையும்போது தொண்டைக்குக் கீழ எரைப்பைய தொட்டுப் பாருங்க, நெறைஞ்சு கொஞ்சம் கெட்டியா இருக்கணும், தொளதொளன்னு தண்ணியா இருந்தா தீனியத் தின்னல, தண்ணியக் குடிச்சு நிக்கிதுன்னு அர்த்தம்.

18, 20 வாரத்துல கொண்டை செவந்து, பெட்டை எடம் தேட ஆரம்பிச்சதும் இந்தக் கலவை நிறுத்த வேண்டிய நேரம். அப்ப முட்டைத் தீவனத்துக்கு மாத்திட்டு, நொறுக்குன சிப்பிய தனிப் பாத்திரத்துல வைங்க, எவ்வளவு வேணுமோ பெட்டையே எடுத்துக்கும். சேவலுக்கு மட்டும் பழைய கலவையே தொடர்ந்து போடலாம், ரெண்டையும் தனித்தனியா அடைக்க எடம் இருந்தா.